ஈரக்காற்றும் பிரேக் ஆயிலும்

கடலூர் முதுநகரை விட்டுத் தெற்கே புறப்பட்டு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் ஆகிய ஊர்களைக் கடந்து, வெள்ளாற்றுப் பாலத்தின் மீதேறிச் சிதம்பரம் போய்ச் சேரும் நெடுஞ்சாலை, மலையோ கணவாயோ இல்லாத சமவெளியில், சமுத்திரத்தின் ஈரக்காற்று எட்டும் தூரத்திலேயே செல்கிறது. அங்கே ஓடும் காரின் பிரேக்குக்கு, ஆட்டு மந்தைக்காகவோ எதிரே திரும்பும் பஸ்ஸுக்காகவோ வண்டியை நிறுத்துவதற்கு மேல் பெரிய சிரமம் எதுவும் நேர்வதில்லை. ஆயினும், மோட்டார் ஓட்டுவதில் பிரியங்கொண்ட இளைஞர் ஒருவர் அதே காரை ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுசென்று சில சுற்றுகள் ஓட்ட விரும்புவாராயின், எஞ்சினுக்கும் டயருக்கும் முன்னதாக அவர் யோசிக்க வேண்டியது, பட்டறைகளில் பிரேக் ஆயில் என்று வழங்கப்படும் அந்தச் சொற்பத் திரவத்தைப் பற்றியே என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

காரணம் உஷ்ணம். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது பிரேக்கில் பிறக்கும் உஷ்ணம், ஏறக்குறைய அரை லிட்டர் ஜலத்தைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதே கார் தடத்தின் நேர்பாதை முடிவில் 150 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 50-க்குக் குறையும்போதோ, காற்றின் எதிர்ப்பையும் எஞ்சினின் இழுவையையும் கணக்கில் சேர்க்காவிட்டால், இரண்டரை லிட்டரைக் கொதிக்க வைக்கும் உஷ்ணம் உண்டாகிறது. ஆறுவதற்கு அவகாசமின்றி அடுத்த வளைவிலும் அதற்கடுத்த வளைவிலும் அது மேலும் மேலும் சேர்கிறது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கிலிருந்து அதை அழுத்திப் பிடிக்கும் பேடுக்கும், பேடிலிருந்து அதைத் தாங்கும் கேலிப்பருக்கும் பரவி, முடிவில் அந்த உஷ்ணம் திரவத்தையே சென்று தாக்குகிறது.

திரவம் அமுங்காது என்பதே பிரேக்கின் ஆதாரம். அது கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றிவிட்டாலோ, மிதிக்கும் பலம் முழுவதும் அக்குமிழிகளை அமுக்குவதிலேயே விரயமாகி, பெடல் பஞ்சுபோல் தரைவரை இறங்கிவிடும். பேட் மட்டும் சூடேறிப் பிடிப்பை இழந்தால் பெடல் கடினமாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. இவ்விரண்டையும் காலாலேயே பிரித்தறியத் தெரிந்தவருக்கு எதை மாற்றுவதென்ற சந்தேகம் எழாது.

சாதாரணமாக நாம் வாங்கும் பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் சுபாவம். ரப்பர் ஹோஸ்களின் வழியாகவும், ஆயில் கிண்ணத்தின் மூடியிலுள்ள காற்றுத் துளை வழியாகவும் ஜலம் சிறுகச் சிறுக உள்ளே சேர்கிறது. இதனால்தான் தரநிர்ணயத்தில் புதிய திரவத்துக்கு உலர் கொதிநிலை, ஏறத்தாழ 3.7 சதவீதம் ஜலம் கலந்த திரவத்துக்கு ஈரக் கொதிநிலை என இரண்டு கொதிநிலைகள் விதிக்கப்பட்டிருக்கின்றன. டாட் 3 வகைக்கு இவை குறைந்தபட்சம் 205, 140 டிகிரி செல்ஸியஸ், டாட் 4-க்கு 230, 155, டாட் 5.1-க்கு 260, 180. பந்தயத்துக்கென்றே பிரத்தியேகமாகத் தயாராகும் சில திரவங்களின் உலர் கொதிநிலை 300 டிகிரியையும் தாண்டுகிறது.

டப்பாவின் மீது பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் அந்த உலர் கொதிநிலையைக் கண்டு மயங்குவது இயல்பே. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கோடையின் கடற்காற்றிலும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் தெருவோரம் நிற்கும் கார் அந்த எண்ணை வெகுநாள் காப்பாற்றுவதில்லை. எனவே சாலைக்கும் தடத்துக்கும் ஒரே காரை வைத்திருப்பவர் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஈரக் கொதிநிலையைத்தான். அது உயர்ந்துள்ள நல்ல டாட் 4 அல்லது டாட் 5.1 திரவமே அவருக்கு உகந்தது. 5.1 கடுங்குளிரிலும் இளகியே இருக்கும் என்பது இமயமலைப் பகுதியில் ஓட்டுபவருக்குப் பெருநன்மை. கடலூர்க்காரருக்கு அதனால் விசேஷ லாபமில்லை. எனினும் ஏ.பி.எஸ். முதலிய நுட்பக் கருவிகளுள்ள கார்களில், எவ்வளவு இளகிய திரவம் வேண்டும் என்பதற்குக் காருடன் வந்த கையேடே பிரமாணம். டாட் 5 என்பது சிலிக்கோன்; பெயர் ஒத்திருந்தாலும் கிளைக்கால் திரவத்தோடு அதைக் கலக்கவே கூடாது. எஞ்சின் ஆயிலையோ வேறு கனிம எண்ணெயையோ ஊற்றினால் பிரேக்கின் ரப்பர் பாகங்கள் ஊதிக் கெட்டுவிடும்.

தடத்துக்குப் போகுமுன் பழைய திரவம் முழுவதையும் வெளியேற்றுவது அவசியம். ஒருவர் உள்ளே அமர்ந்து பெடலை மிதித்துப் பிடித்திருக்க, மற்றொருவர் சக்கரத்தருகே குனிந்து, கேலிப்பரில் திரவத்தை வெளியேற்றும் நிப்பிளில் மாட்டிய, உள்ளே தெரியும் டியூபின் வழியே கறுத்த திரவம் போய்த் தெளிந்த திரவம் குமிழியின்றி வரும்வரை திறந்தும் மூடியும் வேலை செய்வார். பெடலை விடுவதற்கு முன்பே நிப்பிளை மூடிவிட வேண்டும், இல்லையேல் காற்று உள்ளே புகும். இதற்கிடையே மேலேயுள்ள கிண்ணம் வற்றாதபடி பார்த்துக்கொள்வதும் அவர்கள் பொறுப்பே. சிந்திய துளிகள் காரின் பெயின்டை உரித்துவிடுமாதலால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

ஓடி முடிந்ததும் உடனே நிறுத்திவிடுவதும் தவறு. நின்ற காருக்குக் காற்றோட்டம் இல்லாமையால் டிஸ்க்கின் சூடு கேலிப்பருக்குள் ஏறி, ஓடும்போது கொதிக்காத திரவம் நின்றபின் கொதிக்கக்கூடும். கடைசிச் சுற்றைப் பிரேக்கை அதிகம் தொடாமல் நிதானமாக ஓட்டி, நிறுத்தியபின் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதே அனுபவசாலிகளின் வழக்கம். ஊர் திரும்பியபின் டப்பாவில் மிஞ்சிய திரவத்தை அடுத்த தடவைக்கென்று அலமாரியில் வைக்க வேண்டாம். திறந்த டப்பாவும் கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். ஆதலால் வாங்கும்போதே, சீல் உடையாத சிறு டப்பாக்களாகத் தேவைக்கு மட்டும் வாங்குவது நலம்.