கலிங்கம் என்றொரு கடல் நத்தை

கலிங்கம் என்றதும் பலருக்குப் பரணி நினைவிற்கு வரும். சங்கநூல் பயின்றோர்க்கு ஆடை நினைவிற்கு வரும். விலங்கியல் மாணவனாகிய எனக்கோ ஒரு நத்தை நினைவிற்கு வருகிறது! 'கலிங்கா ஆர்னேட்டா' என்பது அதன் அறிவியற் பெயர். அணிசெய்த கலிங்கம் என்று பொருள் கொள்ளலாம்.

இஃது ஓடில்லா நத்தை. (நம் மீனவர் கூறும் கடல் அட்டை வேறு, அது நட்சத்திர மீனுக்கு உறவு.) முட்டையிலிருந்து வரும் இளவுயிரிக்குச் சின்னஞ்சிறு ஓடு உண்டு. உருமாறும்போது அதனை உதிர்த்துவிடுகிறது. செவுள்கள் திறந்த முதுகின்மேல் பூங்கொத்துப்போல் விரிந்திருக்கும். வெளிறிய உடலில் செம்மஞ்சள் புள்ளிகள், சிவந்த நுனியுடைய முகிழ்கள். மணலும் சேறுமான கடலடியில் ஊர்ந்து, எளிதில் ஒடியும் கைகளையுடைய நொறுங்கு நட்சத்திரங்களை உண்கிறது. சுண்ணாம்புத் தகடுகள் நிறைந்த அவ்வுணவை இம்மெல்லுடல் எங்ஙனம் விழுங்குகிறதோ! போதாக்குறைக்கு, இருளில் ஒளிவிடும் ஆற்றலும் இதற்கு உண்டு.

பெயர் வந்த வரலாறு சுவையானது. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த வால்டர் எலியட், பழைய கலிங்கத்தைச் சார்ந்த விசாகப்பட்டினப் பகுதிக் கடற்கரையில் இத்தகைய நத்தைகளைத் திரட்டினார். இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து அறிஞர்களான ஆல்டர், ஹான்காக் இருவரும் 1864இல் அவற்றை விவரித்துப் பெயரிட்டனர். சாராயத்தில் ஊறிய நத்தை நிறமிழந்துவிடும். எங்கள் ஆய்வகப் புட்டிகளில் உள்ளவையெல்லாம் ஒரேபோல் அழுக்கு வெண்மைதான். ஆயின் அவர்களுக்கு நிறம் தெரிந்தது எப்படி? உயிருள்ளபோதே பார்த்து வரைந்த வண்ணப்படங்களையும் எலியட் அனுப்பியிருந்தார்! இயற்கை வரலாற்றுப் படங்களுக்கு அவர் நம் நாட்டு ஓவியர்களையே அமர்த்துவது வழக்கம். பாதிப் பெருமை அத்தூரிகைக்கு உரியது என்பேன்.

நம் திருவள்ளூர் மாவட்டக் கரைக்கு வருவோம். பழவேற்காட்டிற்கும் எண்ணூருக்கும் அப்பால் விசைப்படகுகளின் இழுவலை கடலடியை வாரிக்கொண்டு வருகிறது. விலைபோகாதவை மீன்தூளாகிக் கோழித் தீவனத்தில் கலக்கின்றன. 2017 சனவரி 28இல் எண்ணூர்த் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கரையொதுங்கிய ஆமைகளைக் கண்டோம். சேற்றில் ஊரும் நத்தை கரையொதுங்காது. முன்னரே எழுதிவைத்த கணக்கு இருந்தாலன்றி இழப்பு தெரிவதெப்படி?

எனவே வலை உதறுமிடத்தில் வண்ணமாய் வழவழப்பாய் ஏதேனும் கண்டால், கடல்நீர் நிரப்பிய கிண்ணத்தில் இடுங்கள், குழாய்நீர் ஆகாது. சற்று நேரத்தில் செவுள் விரியும். நாளும் இடமும் குறித்து, வண்ணத்தை வரைந்துகொண்ட பின்னரே புட்டியைத் திறக்கலாம்.