கையில்லாத ரோபோ

ஜப்பானின் டொயோஹாஷி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான குப்பைத் தொட்டி ரோபோ ஒன்று உண்டு. தள்ளாடித் தள்ளாடி நகரும். குப்பை கிடந்தால் பக்கத்தில் போய் நின்று உடம்பை ஆட்டும். அவ்வளவுதான். எடுக்காது, எடுக்கக் கையே கிடையாது. பக்கத்தில் நிற்கும் சிறுவன் யாராவது எடுத்துப் போட்டால், உள்ளே இருக்கும் சென்சார் அதைக் கண்டுகொள்ளும். தொட்டி குனிந்து வணக்கம் சொல்லும்.

உருவாக்கியவர் பேராசிரியர் மிச்சியோ ஒகாடா. 'பலவீனமான ரோபோ' என்று இந்த வகைக்குப் பெயரிட்டு, 2012-ல் அதே தலைப்பில் புத்தகமும் எழுதினார். அவருடைய ஆய்வுக்கூடத்து ரோபோ இன்னொன்று பிள்ளைகளுக்குப் பழங்கதை சொல்லும். நடுவில் ஒரு சொல் மறந்து திணறும். விடுவார்களா பிள்ளைகள்? ஆளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பார்கள். பானசோனிக் நிறுவனம் இதே கூடத்துடன் சேர்ந்து செய்த நிகோபோ என்ற ரோபோ, 2023-ல் கடைக்கு வந்தது. வாலாட்டும், தூக்கத்தில் உளறும், சமயத்தில் காற்றும் பிரிக்கும். ஒரு வேலைக்கும் உதவாது. அதற்கு மாதச் சந்தா வேறு!

இது ஜப்பானியர்களின் விசித்திரம் மட்டும் என்று ஒதுக்க முடியாது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாவோ என்ற ரோபோவை 45 பேருடன் பழகவிட்டார்கள். லெகோ கட்டைகளை அடுக்கச் சொல்லி வழிகாட்டும் வேலை. சிலரிடம் வேண்டுமென்றே சொதப்ப வைத்தார்கள். சொதப்பிய ரோபோவைத்தான் மக்களுக்கு அதிகம் பிடித்தது. 2017-ல் வெளியான அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: சொதப்பியதால் அதன் புத்திசாலித்தனத்துக்கான மதிப்பெண் குறிப்பிடும்படி இறங்கவில்லை.

இதற்கு வேர் 1966-லேயே இருக்கிறது. உளவியலாளர் எலியட் ஆரன்சன், வினாடி வினாப் போட்டியாளர்களின் ஒலிப்பதிவை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார். 92 சதவீதம் சரியாகச் சொன்னவர் காபியைத் தன்மேல் கொட்டிக்கொண்டபோது அவர்மீது பிரியம் கூடியது. சுமாராகச் சொன்னவர் கொட்டியபோது இருந்த மதிப்பும் போனது. ரோபோவுக்குக் குறை வைக்கலாம் என்று உற்சாகமாகக் கிளம்புகிறவர்கள் இந்தப் பின்பாதியைச் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு ஒகாடாவின் தொட்டியும் சால்ஸ்பர்க் நாவோவும் ஒன்றல்ல. நாவோவின் சொதப்பல் நடிப்பு. தொட்டிக்கு நிஜமாகவே கையில்லை. அது யாரையும் ஏமாற்றவில்லை, நமக்கு ஒரு வேலை தருகிறது. முதியவர்களுக்குத் துணையாக ரோபோ செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். "நீங்க சும்மா உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்று வீடு முழுக்கச் சொல்லக் கேட்டவருக்கு, தன் உதவியைக் கேட்கிற ஒரு பொருள் பெரிய விஷயம். ஆனால் நினைவு தடுமாறும் ஒருவரிடம் ரோபோ மறந்ததுபோல் நடித்தால்? தடுமாறியது தானா, அதுவா என்று அவர் குழம்புவார். அதை உறவு வளர்ப்பது என்று என்னால் சொல்ல முடியாது. மாத்திரை நேரத்தைச் சொல்ல வாங்கிய ரோபோ நேரத்தை மறந்தாலோ, யாரும் கொஞ்ச மாட்டார்கள். கடைக்கே திருப்பி அனுப்புவார்கள்.