பள்ளியில் சேராத பிள்ளையின் கோடை: கொழிஞ்சாம்பாறைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேரளத்தில் மார்ச் இறுதியில் மூடும் பள்ளிகள் ஜூன் தொடக்கத்தில் திறக்கின்றன. இடைப்பட்ட இரண்டு மாதமும் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஊர்களின் எல்லாப் பிள்ளைகளும் வீட்டில்தான் இருக்கிறார்கள். மற்ற பத்து மாதமும் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்குக் கோடை என்பது வெறும் லீவு அல்ல. திறந்தநிலைப் பள்ளியின் தேர்வுகள் ஏப்ரலிலும் மே மாதத்திலும் வருகின்றன. பள்ளிக்கே திரும்புவதென்றால் அதற்கான முடிவையும் ஜூனுக்குள் எடுத்தாக வேண்டும். தோப்பிலும் காட்டிலும் வேலை கூடுவதும், வெயில் உச்சத்துக்குப் போவதும் இதே காலத்தில்தான்.

வீட்டுவழிக் கல்வி சட்டப்படி செல்லுமா என்பதுதான் பெற்றோர் முதலில் கேட்பது. இந்தியச் சட்டத்தில் இதற்கு ஒற்றை வரியில் பதில் இல்லை. 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 21ஏ பிரிவைச் சேர்த்து, 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதை நடைமுறைப்படுத்தும் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10ஆம் பிரிவு. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டம் எந்தத் தண்டனையும் விதிக்கவில்லை. வீட்டில் படிப்பிக்கலாம் என்று அனுமதிக்கும் வரியும் அதில் கிடையாது, கூடாது என்று தடுக்கும் வரியும் கிடையாது. 2012இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில், விரும்பி வீட்டில் படிப்பிப்போர் தொடரலாம் என்று சொன்ன மத்திய அரசு, சில மாதங்களிலேயே அந்த நிலைப்பாட்டிலிருந்து பின்வாங்கியது. வீட்டுவழிக் கல்வி இன்றும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. பெற்றோர் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. 21ஏ தரும் உரிமை பிள்ளைக்கு உரியது, பெற்றோருக்கு உரியதன்று. பிள்ளை பிற்பாடு பள்ளிக்குப் போக விரும்பினாலோ, சான்றிதழ் கேட்டாலோ அதற்கான வழி திறந்திருக்க வேண்டும். வீட்டுவழிக் கல்வியில் எடுக்கும் எந்த முடிவையும் இதை வைத்தே எடைபோட வேண்டும்.

பாலக்காடு மாவட்டத்துக்கு வீட்டுவழிக் கல்வி புதிதும் அல்ல. அட்டப்பாடி மலையில் கோபாலகிருஷ்ணன், விஜயலட்சுமி என்ற ஆசிரியத் தம்பதி 1980களில் வேலையை விட்டுவிட்டு, மொட்டையாகிப்போன ஒரு குன்றை மீட்டெடுத்து, சாரங் என்ற மாற்றுக் கல்வி முயற்சியைத் தொடங்கினார்கள். அவர்களின் பிள்ளைகள் அங்கேயே படித்து வளர்ந்தவர்கள். சாரங்கைப் பார்த்து ஊக்கம் பெற்ற குடும்பங்கள் உண்டு. ஆனால் அந்தப் பெற்றோர் இருவருமே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், முழு நேரமும் பிள்ளைகளோடு இருந்தவர்கள். அத்துடன் அவர்கள் தொடங்கியது கல்வி உரிமைச் சட்டத்துக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் முன்பு. காலையில் வேலைக்குக் கிளம்பிப் பொழுது சாய வீடு திரும்பும் பெற்றோர் அதே முறையைக் கைக்கொண்டால், நடைமுறையில் பிள்ளை தனியாக விடப்படுகிறது.

ஒரு பிரிவினருக்கு மட்டும் சட்டம் தெளிவான விலக்கு தருகிறது. கடுமையான அல்லது பல்வகை மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வழங்கியது. இப்பிள்ளைகளும் பள்ளியில் சேர்க்கப்பட்டவர்களாகவே கருதப்படுவார்கள். சமக்ர சிக்ஷா கேரளத்தின் வட்டார வள மையத்தைச் சேர்ந்த சிறப்பாசிரியர்கள் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பார்கள். பள்ளியில் சேர்க்காமல் வீட்டில் வைத்திருப்பதும் இதுவும் ஒன்று என்று நினைத்து, கிடைக்கவேண்டிய ஆசிரியரையும் உதவிகளையும் கேட்காமலே விட்டுவிடும் பெற்றோர் இருக்கிறார்கள்.

பள்ளிப் பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளைக்கு மதிய உணவும் இலவசப் பாடநூலும் கிடைக்காது, பள்ளி வழியாக வரும் உதவித்தொகையும் கிடையாது. இவை போகும் என்று பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியும். மருத்துவ வசதிகள் விட்டுப்போவதுதான் கண்ணில் படுவதில்லை. 10 வயதிலும் 16 வயதிலும் போடவேண்டிய டிடி தடுப்பூசி பெரும்பாலும் பள்ளியில்தான் போடப்படுகிறது. குடற்புழு நீக்க மாத்திரையும் அங்கேதான் தரப்படுகிறது. பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு இவற்றை மறுக்க முடியாது. அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்டு வாங்கலாம். கேட்காவிட்டால் யாரும் தேடிவந்து தரப்போவதில்லை.

கொழிஞ்சாம்பாறைக்கு மொழிச் சிக்கலும் உண்டு. சித்தூர் தாலூகாவின் கிழக்குப் பகுதி தமிழ் பேசும் மொழிச் சிறுபான்மைப் பகுதி. தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்வதை மாநிலங்களின் பொறுப்பாக்குகிறது அரசியலமைப்பின் 350ஏ பிரிவு. கேரளப் பாடத்திட்டத்தில் தமிழ்வழிப் பாடநூல்கள் இருக்கின்றன. ஆனாலும் வீட்டில் படிப்பிக்கும் குடும்பங்கள், பொள்ளாச்சியிலோ கோவையிலோ எளிதில் கிடைக்கிறதே என்று தமிழ்நாட்டு நூல்களை வாங்கி வருவதுண்டு. அவை நல்ல நூல்கள்தான். ஆனால் பிள்ளை நாளைக்குக் கேரளப் பள்ளியில் சேர்வதென்றால் பாடவரிசை ஒத்துவராது, மலையாளமும் இடறும். கேரளத்தில் 2017ஆம் ஆண்டின் மலையாள மொழிச் சட்டம் பள்ளிகளில் அம்மொழியைக் கற்பதை வலியுறுத்துகிறது. எழுத்தே அறியாத பிள்ளை ஆறாம் வகுப்பில் போய் உட்கார்ந்தால் திண்டாடும். தமிழில் படிக்கும் உரிமையைக் காப்பதும் மலையாளம் கற்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. கோடையின் இரண்டு மாதம் மலையாள எழுத்துகளைப் பழக்கப் போதும்.

பள்ளிக்குத் திரும்பும் பாதை பெற்றோர் நினைப்பதைவிட அகலமானது. கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, ஒருபோதும் பள்ளிக்குப் போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். மற்றவர்களோடு சேர்ந்து ஓடும் அளவுக்குச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். 14 வயது கடந்தாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை அந்த உரிமை தொடரும். வயதுச் சான்று இல்லை என்றோ (14ஆம் பிரிவு), சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்றோ (15ஆம் பிரிவு) பள்ளி மறுக்கக் கூடாது. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நுழைவுத் தேர்வு வைப்பதும் நன்கொடை கேட்பதும் 13ஆம் பிரிவின்படி குற்றம். முன்பு ஏதாவது பள்ளியில் படித்திருந்தால், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டியும் திருப்பி அனுப்ப முடியாது. இந்தப் பாதுகாப்புகள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. அதனால் வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு 12, 13 வயதாகும் கோடையில், பள்ளியா திறந்தநிலைத் தேர்வா என்று குடும்பம் முடிவு செய்துவிடுவது நல்லது.

திறந்தநிலைத் தேர்வு என்றால் பெரும்பாலோர் நாடுவது என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தை. 1989இல் தொடங்கப்பட்ட இது மத்திய அரசின் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. இதன் அடிப்படைக் கல்வித் திட்டத்தில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையான மூன்று நிலைகள் உள்ளன. பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். முன்படிப்புச் சான்றிதழ் இல்லாதவர் அப்படிப்பைத் தொடரத் தகுதி உண்டு என்று தாமே எழுதித் தரும் உறுதிமொழி போதும். மொழிப் பாடம் ஒன்றாவது உட்பட ஐந்து பாடங்களில் தேற வேண்டும். பதிவு ஐந்தாண்டுகள் செல்லும், ஒரே மூச்சில் எல்லாப் பாடமும் எழுதவேண்டிய கட்டாயமில்லை. தேர்வுகள் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை. அடுத்த ஏப்ரலில் எழுத நினைப்பவருக்கான சேர்க்கை வழக்கமாகக் கோடையில்தான் நடக்கிறது. தேதிகளை நிறுவனத்தின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. கேரள எழுத்தறிவு இயக்கத்தின் சமநிலைத் தேர்வையும் சிலர் குறிப்பிடுவார்கள். அதன் பத்தாம் வகுப்புக்கு 17 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால் சிறுவர்களுக்கு அது உதவாது.

இந்தப் பாதையில் ஏமாற்றும் உண்டு. “பதிவு பெற்ற ஹோம்ஸ்கூல்”, “ஒரே வருடத்தில் பத்தாவது உறுதி” என்று கோடையில் விளம்பரங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றும். வீட்டுவழிக் கல்விக்கென்று இந்தியாவில் எந்த அரசுப் பதிவும் இல்லை. ஆகவே அதைத் தருவதாகச் சொல்பவர் இல்லாத ஒன்றை விற்கிறார். தேர்வு வாரியத்தின் பெயர் என்.ஐ.ஓ.எஸ். போலவே ஒலித்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. பணம் கட்டினால் ரசீது வாங்க வேண்டும், பிள்ளையின் மூலச் சான்றுகளை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. ஏமாந்தவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதென்றால் அங்கே கட்டணம் இல்லை. இணையத்தில் பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

கோடையில் வேலை குறித்த கேள்வியும் எழும். முதலமடை மாந்தோப்புகளில் அறுவடை, இங்கே தேங்காய், நிலக்கடலை, காய்கறி என்று ஆள் தேவைப்படும் நேரம் அது. தோட்ட வேலையும் படிப்புதானே என்பது வீட்டுவழிக் கல்விப் பெற்றோரின் வாதம். ஓரளவுக்கு அது சரி. சட்டம் அந்த அளவைக் கோடு போட்டுக் காட்டுகிறது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபின், 14 வயதுக்குட்பட்டவரை எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது. சொந்தக் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் உதவலாம் என்பது முக்கிய விலக்கு. தாய், தந்தை, உடன்பிறந்தோர், அத்தை, சித்தப்பா, பெரியப்பா, சின்னம்மா, பெரியம்மா, மாமா ஆகியோரைக் குடும்பம் என்று வரையறுக்கும் இச்சட்டம் தாத்தா பாட்டியை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி அந்த உதவியும் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, இரவு 7 முதல் காலை 8 வரை இருக்கவே கூடாது. டிராக்டரும் கதிரடிக்கும் எந்திரமும் ஓடும் வேலை குடும்பத் தொழிலிலும் தடை. மருந்தடிக்கும் தோப்புப் பக்கம் பிள்ளைகளை அண்டவிடாமல் இருப்பதற்குச் சட்டம் தேவையில்லை.

“பள்ளி நேரத்துக்குப் பிறகு” என்பதை வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு எப்படிக் கணக்கிடுவது? சட்டம் சொல்லவில்லை. படிப்பு நேரம் இன்னது என்று எழுதி வைத்து, என்ன படித்தது என்ற குறிப்பேட்டையும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அதிகாரி கேட்கும்போது பதில் இருக்கும். இல்லாத குடும்பத்தில் பிள்ளை தோப்பில் நிற்பதை மட்டும்தான் அவரால் பார்க்க முடியும். அண்டை வீட்டார் தோப்பில் கூலிக்கு நிற்பதென்றால் எந்த விலக்கும் பொருந்தாது. வேலைக்கு வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயில் இருக்கும் இப்பகுதியில் வெயில் கேரளத்தின் மற்ற இடங்களைப்போல் இருக்காது. 2024 ஏப்ரல் இறுதியில் வானிலைத் துறை பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கையே விடுத்தது. காலை 11 முதல் மாலை 3 வரை நேரடி வெயில் படாமல் இருக்கும்படி மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்துகிறது. இதில் வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு வசதி, பாடத்தை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். உடல் கொதித்து, பேச்சு குழறி, மயக்கம் வந்தால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே 108ஐ அழைக்க வேண்டும். நினைவு தப்பிய பிள்ளையின் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது.

வெயிலைவிடத் தண்ணீர் கொடியது. மூலத்தரையிலிருந்து வரும் வாய்க்கால்களில் பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீர் திறந்துவிடப்படும்போது, முந்தின நாள் கணுக்காலளவு இருந்த இடத்தில் ஆள் மூழ்கலாம். கைவிடப்பட்ட கல்குவாரிக் குழிகளில் கரை சரிவாக இராமல் செங்குத்தாக இறங்கும், நீச்சல் தெரிந்தவரும் ஏறிவர முடியாது. போர்வெல் மிகுந்த இந்த வறண்ட பூமியில் தண்ணீர் வற்றிக் கைவிட்ட குழிகளும் உண்டு. அவற்றை அடிமட்டம் முதல் தரைமட்டம் வரை மண்ணோ கல்லோ இட்டு மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. திறந்து கிடக்கும் குழியைப் பார்த்தவர் கிராமப் பஞ்சாயத்திலோ மாவட்ட ஆட்சியரிடமோ எழுத்தில் புகார் தரலாம்.

விடுமுறைக் காலத்தில் பிள்ளைக்குக் கூட்டாளிகளும் வேண்டும். குடும்பஸ்ரீயின் சிறுவர் குழுவான பாலசபையில் சேரப் பள்ளிப் பதிவு கேட்பதில்லை, ஊர் வாசகசாலைகளும் அப்படியே. வீட்டிலேயே இருக்கும் பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகள் எல்லாரும் கிடைக்கும் இரண்டு மாதம் இதுதான், அதையும் நாலு சுவருக்குள் பாடம் நடத்திக் கழிப்பது வீண்.

பள்ளிப் பிள்ளை சோர்ந்துபோய் இருந்தால் ஆசிரியர் ஒருவராவது கவனிக்க வாய்ப்புண்டு. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அந்தக் கண் இல்லை. அடி, பட்டினி, பாலியல் தொல்லை எதுவானாலும் பிள்ளையே குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்கலாம், கட்டணம் இல்லை. அந்த எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடமாக்குவது பெற்றோர் வேலை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராயினும், உறவினராயினும், காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

பள்ளியில் சேர்க்க மறுத்தாலோ சிறப்புப் பயிற்சி தராவிட்டாலோ கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் முறையிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் அது முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் கேரள மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு உண்டு. மனுவைத் தமிழிலேயே எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களோடு தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளவும், தமிழிலேயே பதில் பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது. மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று மாதக் கணக்கு அன்றிலிருந்து ஓடும்.