பாலாறும் ஏழரை ஏக்கர் மழையும்

மைசூரிலிருந்து மாதேசுவரன் மலை வழியாக மேட்டூர் செல்லும்போது நாம் பார்க்கும் பாலாறு வேறு. இங்கே நான் சொல்ல வந்தது, பழைய மைசூர் ராஜ்யத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கோலார், ஆந்திரம், வாணியம்பாடி, வேலூர் வழியாகக் கடல் சேரும் பாலாற்றைப் பற்றி. 1892-ஆம் ஆண்டு சென்னை–மைசூர் ஒப்பந்தத்திலேயே இடம்பெற்ற ஆறு இது. நம் சங்கக் குடும்பங்களில் சிலருக்குச் சொந்த ஊர் ஆறும் இதுவே. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடந்தாலும், கரையோரக் கிணறுகளுக்கு அந்த மணலின் அடியில் உள்ள நீரே ஆதாரம்.

அந்த நீரை மழை எவ்வளவு ஈடு செய்கிறது? ரயில்வேயில் பாலங்களுக்கு வெள்ளக் கணக்குப் போட்ட எனக்கு, ஓடிப்போகும் நீரின் கணக்கே பழக்கம். மண்ணுக்குள் இறங்கும் நீரின் கணக்கை ஓய்வு பெற்ற பின்தான் படித்தேன். நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழு 1997-இல் வகுத்த முறைப்படி, களிமண் குறைந்த சிதைந்த கருங்கல் பூமியில் பெய்யும் மழையில் நூற்றுக்கு 11 பங்குதான் நிலத்தடியில் சேரும். கங்கைச் சமவெளியின் வண்டல் மண்ணில் 22 பங்கு.

கருங்கல் பூமியில் 75 செ.மீ. மழை பெய்தால் 8.25 செ.மீ. உள்ளே இறங்கும். ஏக்கருக்குச் சுமார் 3.3 லட்சம் லிட்டர். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குக் குடிநீர் ரயில் ஓடியது நினைவிருக்கும். 50 வேகன்களில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். ஏழரை ஏக்கர் நிலம் ஓராண்டு மழையில் ஓசையின்றிச் சேர்த்து வைப்பதும் அவ்வளவே.

அத்தகைய பூமியில் நீர் தங்கும் இடம் நூற்றுக்கு 3 பங்கு என்று கொண்டால், கிணற்றில் மட்டம் 2.75 மீட்டர் உயர வேண்டும். அதற்கு மேல் இறைத்தால், ஆழ்துளைக் கிணற்றை ஆண்டுதோறும் ஆழப்படுத்த வேண்டியதுதான்.

உலகம் முழுவதற்கும் இதே கணக்கைக் கணினி மாதிரிகளில் போடுகிறார்கள். 5,000-க்கும் மேற்பட்ட இடங்களின் அளவீடுகளோடு ஒப்பிட்ட 2022-ஆம் ஆண்டு ஆய்வொன்று, அம்மாதிரிகள் பொதுவாகக் குறைத்தே மதிப்பிடுகின்றன என்றது. கணினி எவ்வளவு பெரிதானாலும் கிணற்றில் இறக்கிய கயிற்றின் அளவுக்குக் கட்டுப்பட்டதே.

ஆகவே அன்பர்களே, ஊருக்குச் செல்லும்போது மழைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் உங்கள் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து, தேதியிட்டு எழுதி வையுங்கள். பத்தாண்டுக் குறிப்பு இருந்தால், நிலத்தை விற்பதா வைப்பதா என்று பிள்ளைகள் கேட்கும்போது, கையில் ஒரு கணக்காவது இருக்கும்.