திருமுழுக்கிற்கு முன் ஒரு நெடும்பயணம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைச் சாலையில், இரவு ஷிப்ட் முடித்துத் திரும்புவோரும் காலை ஷிப்டுக்கு விரைவோரும் எதிரெதிரே கடந்து செல்வதை நாள்தோறும் காணலாம். மோட்டார் வாகன ஆலைகளும் உதிரிப்பாகத் தொழிற்கூடங்களும் நிறைந்த இவ்வட்டாரம், 2002-ஆம் ஆண்டு தோன்றிய செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பிழைப்பு நாடி வந்த இளைஞர் பலர் ஒரே அறையில் தங்கி, ஒன்றாய்ச் சமைத்து உண்கின்றனர். இத்தகைய இடத்தில், கத்தோலிக்கத் தோழனின் வாழ்வைக் கண்ணுறும் ஒருவர், "நானும் உங்கள் மறையில் சேரலாமா?" என வினவக்கூடும். அவருக்கு நாம் அளிக்கவேண்டிய விடை யாது?

சில செபங்களை மனப்பாடம் செய்வித்து, அடுத்த ஞாயிறே திருமுழுக்கு அளிப்பது விடையாகாது.

திருச்சபை வகுத்த வழி

மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்ததும், புனித இப்போலித்துவின் பெயரால் வழங்குவதுமான ஒரு நூல், மூன்றாண்டு ஆயத்தத்தைக் குறிப்பிடுகிறது. எனினும் காலக்கணக்கைவிட நடத்தையே உரைகல் என்கிறது. பிற்காலத்தில் வழக்கொழிந்த இம்முறையை மீண்டும் நிலைநாட்டுமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் பணித்தது. அதன்படி வயதுவந்தோருக்கான புகுமுகச் சடங்குமுறை 1972-இல் வெளிவந்தது.

முதலில், வினவுதலும் அறிதலும். அடுத்து, மறைநூலும் செபமும் பிறரன்பும் பழகும் புகுநிலைக் காலம். தேவையாயின் இது சில ஆண்டுகளும் நீளலாம். பின்னர், தவக்காலத்தில் உள்ளத்தைத் தூய்மையாக்கும் இறுதி ஆயத்தம். பாஸ்கா இரவில் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை ஆகிய மூன்று திருவருட்சாதனங்களும் ஒருங்கே வழங்கப்படுகின்றன. அதன்பின்னும் பாஸ்கா காலம் முழுவதும் பயிற்சி தொடர்கிறது.

பிலிப்பு எத்தியோப்பிய அலுவலருக்கு வழியிலேயே திருமுழுக்கு அளிக்கவில்லையா எனச் சிலர் கேட்பர். உண்மையே. ஆனால் அவ்வலுவலர் ஏற்கெனவே எருசலேம் சென்று இறைவனைத் தொழுது, எசாயாவின் நூலைக் கையில் ஏந்தித் திரும்பியவர் என்பதை மறக்கலாகாது.

நம் மண்ணின் சான்று

1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர்த் திருவிதாங்கூர் படையில் பணியேற்ற டிலனாய், அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளையின் நண்பரானார். இழப்புகளால் நொந்திருந்த நண்பருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்பது மரபு. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் அந்நண்பர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் மறைசாட்சியாய் உயிர்நீத்த அவர், 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். அவருக்கு முதற்கண் வழிகாட்டியவர் ஒரு குருவானவர் அல்லர். உடன் பணியாற்றிய பொதுநிலையினர் என்பதைச் சிந்திப்போம்.

திருமணத்திற்காகவா?

திருமண நாளைக் குறித்துவிட்டு, "அதற்குள் பையனுக்குத் திருமுழுக்குக் கொடுத்துவிடுங்கள், சுவாமி" என்று வேண்டும் பெற்றோர் உண்டு. அன்பர்களே, திருமணத்திற்காக மதம் மாறவேண்டும் என்பது திருச்சபைச் சட்டமன்று. திருமுழுக்குப் பெறாதவரை மணக்க, தகுந்த நிபந்தனைகளுடன் ஆயரிடம் விலக்குப் பெற வழி இருக்கிறது. மனம் கனியாதவரை அவசரப்படுத்துவது அவர் மனச்சான்றுக்கு இழைக்கும் அநீதி, அக்குடும்பத்திற்கும் கேடு. எவரையும் வற்புறுத்தியோ தகாத முறையில் ஈர்த்தோ சேர்ப்பதைச் சங்கம் 1965-இல் வெளிப்படையாகத் தடைசெய்துள்ளது.

குடும்பங்களின் கடமை

வாரந்தோறும் ஷிப்ட் மாறும் தொழிலாளியால் ஞாயிறு வகுப்பிற்குத் தவறாது வர இயலாது. ஆகவே வகுப்பு அவரிடம் செல்லவேண்டும். அவர் ஓய்வுநாளில் ஒரு குடும்பம் அவரை இல்லத்திற்கு அழைத்து, மாலைச் செபத்தில் அமர்த்தி, உணவு பரிமாறலாம். அவர் மொழி அறிந்த ஒருவர் நற்செய்தியை உடனிருந்து வாசிக்கலாம். ஞானத் தந்தையும் ஞானத் தாயும் சடங்கன்று ஆலயத்தில் நிற்பதற்கு மட்டுமல்லர்; பயணம் முழுவதும் உடன் நடப்பதற்கே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்.

புகுநிலையினர் மறைக்கல்வி ஏட்டில் படிப்பதை நம் இல்லங்களில் காணவேண்டும். நாம் ஏசிக்கொண்டும், ஏழையைப் புறக்கணித்தும், சாதி பேசியும் வாழ்ந்தால், எத்தனை மாதப் போதனையும் வீணே. வினவி வருபவருக்கு ஆலயக் கதவைத் திறப்பது பங்குக்குருவின் பணி. வீட்டுக் கதவைத் திறப்பது உங்கள் பணி. இவ்வாண்டு ஒருவருக்கேனும் அதைத் திறப்பீர்களாக!