ஒற்றைக்கால் டிர்க்: அரங்குக்குப் பின்னால் ஒரு ரவுண்டு!

அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் ஆரக்கிள் அரங்கம் என்று முன்பு அழைக்கப்பட்ட ஓர் அரங்கு. 2019 வரை கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கூடைப்பந்து அணியின் கோட்டை. ரசிகர்கள் கால் வைக்க முடியாத உள்வழி ஒன்று அங்கே உண்டு. ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறைக்குப் போகும் வழி. அந்தச் சுவரில், ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு ஓட்டை. யாரும் அதைப் பூசி அடைக்கவில்லை. பல வருஷம் அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு கையெழுத்து. கையெழுத்துப் போட்டவர் எதிரணியான டல்லஸ் மேவரிக்ஸின் ஜெர்மன் ஆட்டக்காரர் டிர்க் நோவிட்ஸ்கி. ஓட்டை போட்டவரும் அவர்தான்!

2007 மே 3 ராத்திரி நடந்தது அது. டல்லஸ் மேவரிக்ஸ் அந்த சீசனில் 82 ஆட்டங்களில் 67 ஜெயித்து முதலிடத்தில் இருந்த அணி. வாரியர்ஸோ எட்டாவது இடத்தைப் பிடித்து, கோப்பைக்கான பிளே ஆஃப் சுற்றுகளுக்குள் தலை நுழைத்தவர்கள். முதல் சுற்றிலேயே மேவரிக்ஸை 4-2 என்ற ஆட்டக் கணக்கில் மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்கள். கடைசி ஆட்டத்தில் டிர்க் எடுத்தது வெறும் 8 புள்ளி. மைதானத்தில் வாய் திறக்காமல் நடந்தவர், கேமராக்கள் இல்லாத அந்த வழிக்கு வந்ததும் குப்பைத் தொட்டியைத் தூக்கிச் சுவரில் வீசினார். ஏழடி மனிதர் வீசினால் ஓட்டை எந்த உயரத்தில் விழும்? அந்த உயரத்தில்தான் விழுந்தது.

அடுத்த சில நாளில் என்ன நடந்தது தெரியுமா? அந்த சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. ஐரோப்பாவில் பிறந்த ஒருவர் அதை வாங்குவது அதுவே முதல் முறை. தோற்ற முகத்தோடு போய்க் கோப்பையை வாங்கினார். வாங்கிய கையோடு ஆஸ்திரேலியாவுக்குப் பயணம். தாடி வளர்த்துக்கொண்டு, பொட்டல்வெளியில் வாரக்கணக்கில் அலைச்சல். கூடவே போனவர் ஒரு வயதான ஜெர்மன்காரர். இந்தக் கதையின் நிஜ சூத்திரதாரி அவர்தான். பெயர் ஹோல்கர் கெஷ்விண்ட்னர்.

வாங்க, அவருடைய பட்டறைக்குள் எட்டிப் பார்ப்போம். எனக்கு இந்த இடம்தான் உயிர்!

ஜெர்மனியில் பாம்பெர்க் நகருக்குப் பக்கத்தில் ராட்டெல்ஸ்டார்ஃப் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடம். பிள்ளைகள் பி.டி. வகுப்புக்கு வந்து போகும் சாதாரணக் கூடம்தான். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் வரலாற்றில் மிக அழகான எறிகளில் ஒன்று பிறந்த இடம் இது! கெஷ்விண்ட்னர் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மேற்கு ஜெர்மனி கூடைப்பந்து அணியின் கேப்டன். கணக்கும் இயற்பியலும் படித்தவர். தொண்ணூறுகளின் நடுவில் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஒரு ஆட்டத்துக்குப் போனபோது, வூர்ட்ஸ்பர்க் ஊர்ப் பையன் ஒருவன் அவர் கண்ணில் பட்டான். பதினைந்து பதினாறு வயதில் பனைமரமாக வளர்ந்து நின்ற அந்தப் பையன்தான் டிர்க். இவனுக்கு அடிப்படை ஆட்டத்தைச் சொல்லிக் கொடுப்பது யார் என்று விசாரித்தார். யாரும் இல்லை என்று தெரிந்தது. பையனின் அம்மா ஹெல்கா கூடைப்பந்தில் ஜெர்மனிக்கு ஆடியவர், அப்பா ஹேண்ட்பால் ஆட்டக்காரர். கெஷ்விண்ட்னர் நேராக அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேசினார். பயிற்சி தொடங்கியது.

பயிற்சியா அது! விரல் நுனியில் தண்டால். கைகளை ஊன்றித் தலைகீழாக நடை. வாள்சண்டைப் பாடம், படகு வலித்தல். புத்தகம் படி, வாத்தியம் கற்றுக்கொள் என்று வேறு கட்டளை. கெஷ்விண்ட்னரின் ஜாஸ் நண்பர் ஒருவர் சாக்ஸபோனோடு கூடத்துக்கு வருவார். அவர் வாசிக்க, அந்த லயத்துக்குப் பையன்கள் கால் மாற்றி ஆட வேண்டும். தன்னுடைய இந்த முயற்சிகளுக்கெல்லாம் 'செயல்முறைக் கிறுக்குத்தனக் கழகம்' என்று அர்த்தம் வரும்படி ஜெர்மனில் ஒரு பெயர் வேறு சூட்டியிருந்தார் மனுஷன். படிக்கும்போதே சந்தோஷமாக இல்லை?

ஆனால் கிறுக்குத்தனத்துக்குப் பின்னால் சுத்தமான கணக்கு இருந்தது. கூடை வளையத்தின் உள்விட்டம் 18 அங்குலம். பந்தின் விட்டம் ஏறக்குறைய 9½ அங்குலம். பந்து தாழ்வாகப் பறந்து வந்தால், வளையத்தின் வாய் அதற்கு ஒடுங்கிய இடுக்காகத்தான் கிடைக்கும். உயரே ஏறி, செங்குத்தாக இறங்கினால் வாய் முழுசாகத் திறந்திருக்கும். எறிந்த கை கொஞ்சம் பிசகினாலும் பந்து உள்ளே விழும். அந்தப் பையனின் உயரம், கை நீளம் எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போட்டு, பிசகுக்கு அதிகமாக இடம் கொடுக்கும் கோணத்தைக் கண்டுபிடித்தார். பிறகு முழங்கால் மடங்குவதிலிருந்து விரல் விடுவது வரைக்கும் அந்தக் கோணத்துக்கு ஏற்ப உடம்பைப் பழக்கினார். டிர்க்கின் பந்து ஏன் அவ்வளவு உயரம் ஏறி இறங்கியது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அதில் ஸ்டைலுக்காகச் செய்தது எதுவும் இல்லை.

இதில் என்னை உருக வைப்பது எது தெரியுமா? விருதெல்லாம் வாங்கிய பிறகும், கோடிகளில் சம்பளம் வந்த பிறகும், கோடைக்குக் கோடை டிர்க் அதே பள்ளிக்கூடத்துக் கூடத்துக்குத்தான் திரும்பி வந்தார். அதே ஆள் பந்து பொறுக்கிப் போட, அதே எறி, ஆயிரம் தடவை. இதைவிடப் பெரிய ரகசியம் அந்த ஆட்டத்தில் இல்லை என்பது என் கட்சி.

அமெரிக்காவுக்கு அவர் வந்து சேர்ந்ததே ஒரு திருட்டுப் பயணம்தான். 1998 மார்ச். வூர்ட்ஸ்பர்க் அணி மேல் டிவிஷனுக்கு ஏறுவதற்கான முக்கியமான ஆட்டங்களில் இருந்தது. அந்த நேரத்தில், ஊரில் யாருக்கும் மூச்சு விடாமல் கெஷ்விண்ட்னர் பையனை விமானம் ஏற்றி சான் அன்டோனியோவுக்குக் கூட்டிப் போய்விட்டார்! அங்கே நைக்கி ஹூப் சம்மிட். உலக இளைஞர் அணிக்கும் அமெரிக்க இளைஞர் அணிக்கும் ஒரே ஆட்டம். யாரும் கேள்விப்படாத ஜெர்மன் பையன் 33 புள்ளி, 14 ரீபவுண்ட் (உள்ளே விழாத பந்தைப் பிடிப்பது) எடுத்தான். உலக அணி ஜெயித்தது. ஒரே நாளில் அமெரிக்கா முழுக்கப் பேர். இருபத்தோரு வருஷம் கழித்து, 2019 ஏப்ரல் 10 அன்று டிர்க் தன் கடைசி என்.பி.ஏ. ஆட்டத்தை ஆடியதும் அதே சான் அன்டோனியோவில்! எதிரணியான ஸ்பர்ஸ் ஆட்டத்துக்கு முன்னால் அவருக்காக ஒரு வீடியோ போட்டுக் காட்ட, மனிதர் அங்கேயே நின்று அழுதுவிட்டார்.

அந்த 1998 கோடையில், என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், மில்வாக்கி பக்ஸ் ஒன்பதாவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்து, கையோடு டல்லஸுக்கு மாற்றிக் கொடுத்தது. அதே நாளில் டல்லஸ் இன்னொருவரையும் வாங்கியது. ஸ்டீவ் நாஷ்! இரண்டு பேரையும் சேர்த்து அறிமுகப்படுத்திய படத்தைத் தேடிப் பாருங்கள். வெளுப்பாகச் சாயம் போட்ட தலையோடு நாஷ், கிண்ணம் கவிழ்த்த மாதிரி முடிவெட்டோடு டிர்க். கொள்ளை அழகு. ஊர் தெரியாத டிர்க்குக்கு அங்கே கூடப்பிறக்காத அண்ணன் நாஷ்தான். ராத்திரியில் பயிற்சிக் கூடத்துக்குப் போய் இருவரும் பந்து எறிந்து பந்தயம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. 2023-இல் டிர்க்குக்குக் கூடைப்பந்துப் புகழ்க்கூடத்தில் இடம் கிடைத்தபோது மேடையில் பக்கத்தில் நின்றவர்களில் நாஷும் ஒருவர்.

41-ஆம் எண் ஜெர்சி எப்படி வந்தது? ஜெர்மனியில் அவர் எண் 14. டல்லஸில் அதை ஏற்கெனவே வேறொருவர் போட்டிருந்தார். திருப்பிப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்!

இப்போது 2011. பல ஆட்டங்கள் கொண்ட அந்த வருஷத்து என்.பி.ஏ. இறுதிப் போட்டியின் உள்கதைகளைச் சொல்லாமல் நகர எனக்கு மனசு வராது.

எதிரே லெப்ரான் ஜேம்ஸ், டுவேன் வேட், கிறிஸ் பாஷ் மூவரும் இருந்த மியாமி ஹீட். இதே மியாமியிடம்தான் 2006 இறுதிப் போட்டியில் 2-0 என்று முன்னிலை பெற்றும் டல்லஸ் கோட்டைவிட்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே டிர்க்கின் இடது நடுவிரல் தசைநாண் கிழிந்தது. விரலுக்குக் கட்டை வைத்துக் கட்டினார்கள். இரண்டாம் ஆட்டத்தில் ஏழு நிமிஷம் சொச்சம் மிச்சமிருக்க, டல்லஸ் 15 புள்ளி பின்னால். அங்கிருந்து துரத்திப் பிடித்து, அணியின் கடைசி 9 புள்ளியும் டிர்க் எடுத்தார். வெற்றிக்கான கடைசி கூடை, 3.6 விநாடி இருக்கும்போது, எந்தக் கையால் போட்டது? கட்டுப் போட்ட அந்த இடது கையால்!

நான்காம் ஆட்டத்தன்று காய்ச்சல், 101 டிகிரி. பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து 21 புள்ளி எடுத்தார், டல்லஸ் மூன்றே புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. அடுத்த ஆட்டத்துக்கு முன் கேமராக்களைக் கடந்து நடந்த ஜேம்ஸும் வேடும் டிர்க்கைக் கிண்டல் செய்வது போல இருமிக் காட்டிய காட்சி ஊரெல்லாம் ஓடியது. சிறுபிள்ளைத்தனம் என்றார் டிர்க். மீதிப் பதில் மைதானத்தில்.

ஜூன் 12, ஆறாம் ஆட்டம். முதல் பாதியில் 12 எறிகளில் உள்ளே விழுந்தது ஒன்றே ஒன்று. எவருக்கும் கை நடுங்கும். அவர் எறிவதை நிறுத்தவே இல்லை. இரண்டாம் பாதியில் மட்டும் 18 புள்ளி. டல்லஸ் 105-95 என்று ஜெயித்தது. சங்கு ஊதுவதற்குள் டிர்க்கைக் காணோம்! மேசையைத் தாண்டிக் குதித்து உள்ளே ஓடிவிட்டார். பதின்மூன்று சீசன் காத்திருந்த கோப்பை வெளியே தயாராக இருக்க, அவர் உடை மாற்றும் அறையில் தனியாக அழுதுகொண்டிருந்தார். வெளியே வரவே மனசில்லை என்று பின்னால் அவரே சொன்னார். அணியினர் போய்ச் சமாதானம் செய்து, வந்தே ஆக வேண்டும் என்று இழுத்து வந்த பிறகுதான் கோப்பையைத் தூக்கினார்.

கேமரா இல்லாத இடத்தில் அவர் இன்னொன்றும் செய்துவந்தார். கிறிஸ்துமஸ் சமயத்தில் டல்லஸ் குழந்தைகள் மருத்துவமனைக்குப் பரிசுப் பொருள்களோடு போவார். அங்கே அவர் பெயர் 'அங்கிள் டிர்க்'. பத்திரிகைக்காரர்கள் வரக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. பல வருஷம் வெளியே தெரியாமலே நடந்தது.

இருபத்தோரு சீசனும் ஒரே அணிக்கு. என்.பி.ஏ.வில் வேறு எவரும் அதைச் செய்ததில்லை. 2014-இல் வேறு அணிகள் பெரிய தொகையோடு வலை வீசியபோதும், மூன்று வருஷத்துக்கு இரண்டரைக் கோடி டாலர் என்று சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு டல்லஸிலேயே தங்கினார். ஓய்வு பெற்றபோது கணக்கில் 31,560 புள்ளி, அன்றைக்கு வரலாற்றில் ஆறாவது இடம். அத்தனை வருஷ ஆட்டத்துக்கான விலையை அவருடைய கணுக்கால் கொடுத்தது. பிள்ளைகளோடு ஓடியாட முடியவில்லை, கடைசி இரண்டு வருஷத்தை ஆடாமல் விட்டிருக்கலாம் என்று பிறகு மனம் திறந்து சொன்னார். கேட்கும்போது வலிக்கிறது. ஆனால் அந்தக் கடைசி வருஷத்தில்தானே, லாஸ் ஏஞ்சலஸில், எதிரணிக் கோச் டாக் ரிவர்ஸ் ஆட்டம் முடிய சில விநாடி இருக்கும்போது டைம் அவுட் கேட்டு, மைக்கைப் பிடித்து, இவருக்குக் கைதட்டுங்கள் என்று மொத்த அரங்கத்தையும் எழ வைத்தார்!

டல்லஸ் அரங்க வாசலில் இன்று அவருக்கு வெண்சிலை நிற்கிறது. 2022 கிறிஸ்துமஸ் அன்று திறந்தது. இடது காலில் நின்று, வலது முழங்காலைத் தூக்கி, பின்னால் சாய்ந்தபடி எறியும் அந்த ஒற்றைக்கால் கோலம். எதிராளி எட்டவே முடியாத எறி. கோபி பிரயண்ட், கெவின் டுரண்ட் எல்லாரும் எடுத்துப் பழகிக்கொண்ட எறி.

ஒரே ஒரு ஆட்டம்தான் பார்க்க நேரம் என்றால், 2011 மே 17, ஓக்லஹோமா சிட்டிக்கு எதிரான ஆட்டத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். 48 புள்ளி. களத்திலிருந்து 15 எறியில் 12 உள்ளே. எதிரணியின் ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவை எறிய அதற்கான கோட்டில் அவர் நிற்கும்போது உதட்டைக் கவனியுங்கள். பதற்றம் தணிய டேவிட் ஹேசல்ஹாஃபின் 'லுக்கிங் ஃபார் ஃப்ரீடம்' பாட்டை அந்தக் கோட்டில் முணுமுணுப்பது தன் வழக்கம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அந்தக் கோட்டிலிருந்து 24 எறி எறிந்தார். இருபத்து நான்கும் உள்ளே.