ஊசி போடும் கை, கையெழுத்தும் போட வேண்டும்

இரவுப் பணி முடித்து, காலைப் பேருந்தில் லால்பேட்டையில் வந்து இறங்கும் நம் சேரிப் பெண்களை நாம் அறிவோம். நோயாளிகளுக்கு அவர்கள் ‘சிஸ்டர்’. ஊசி போடுவது அவர்கள். யாருக்கு எந்த வார்டு, எத்தனை இரவுப் பணி என்று கையெழுத்துப் போடுவது வேறு யாரோ. அந்த நாற்காலிக்குப் போகும் வழிகளில் ஒன்று எம்.எஸ்சி. நர்சிங்.

சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், சிதம்பரம் ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரியில் இந்தப் படிப்பு இருக்கிறது. இரண்டு ஆண்டுகள், இரண்டாம் ஆண்டில் செவிலிய மேலாண்மை தனிப்பாடம். பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்து, ஓராண்டு பணியாற்றியிருக்க வேண்டும். டிப்ளமோ படித்தவர்கள் முதலில் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடிக்க வேண்டும்.

மாநில இட ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம். ஆனால் இடம் கிடைத்தாலும், இது முழுநேரப் படிப்பு. இரண்டு ஆண்டு சம்பளம் நின்றால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கட்டணச் சுமையைக் குறைக்கும். குடும்பத்தின் அரிசிக்குப் போதாது.

தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கும் சம்பளத்தோடு கூடிய படிப்பு விடுப்பு வேண்டும். அதைச் சலுகையாக அல்ல, உரிமையாகக் கேட்போம்.